பழைய மெசினும் அதற்கொரு மூலையும்

அனலைதீவில் தையல் மெசின் பழுதானால் முதலில் கேட்க வேண்டியது, அடுத்த வள்ளம் எத்தனை மணிக்கு என்பதை. ஊர்காவற்றுறை இறங்குதுறை வரை கடல், அங்கிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு பஸ், போய்ச் சேரும்போது திருத்துகிறவர் கடை திறந்திருக்கவும் வேண்டும். ஒரு பொபின் கேசுக்காக ஒரு பகல் முழுக்கப் போய்விடும். எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆட்களுக்கும் இதே கதைதான்; சிலருக்கு இறங்குதுறையின் பெயர் மட்டும் மாறும். ஆகவே தீவில் பழைய மெசின் வாங்குகிறவருக்கு விதி ஒன்றே: உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கிற மெசினை வாங்குங்கள். வயது, அழகு, கொம்பனிப் பெயர் எல்லாம் அதற்குப் பிறகு.

புது மெசின் இருக்கப் பழையது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று மலிவாக வரும் மின்சார மெசின்களின் உள்ளே பிளாஸ்டிக் பற்சக்கரங்கள். ஒன்று உடைந்தால் அந்த மொடலுக்கு மட்டும் உரிய பாகத்தைத் தேட வேண்டும். பழைய வார்ப்பிரும்பு மெசின் நேர்த் தையல் ஒன்றைத்தான் தைக்கும், ஆனால் பள்ளிச் சட்டை, பிளவுஸ், யன்னல் சீலை, தலையணை உறை, சாரத்துக்கு மூட்டு என்று வீட்டுத் தையலில் பெரும்பகுதி நேர்த் தையல்தான். காலால் மிதித்தால் ஓடும் என்பது அடுத்த வசதி. குடாநாட்டில் 1990 இல் மின்சாரம் நின்ற பிறகு தையற்காரர் பலரை நிமிர்ந்து நிற்க வைத்தது இந்த மிதிமெசின்கள்தான். தீவுக்கு மின்சாரம் நீண்டகாலமாக டீசல் இயந்திரத்திலிருந்து வந்தது. அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு இந்தியாவுடன் 2022 இல் ஒப்பந்தமானது. கரண்ட் எவ்வளவு நன்றாக வந்தாலும், மோட்டர் பூட்டுகிறவர்கள் தோல் பெல்ட்டையும் மிதிபலகையையும் கழற்றி எறிந்துவிட வேண்டாம்.

எங்கே தேடுவது

தீவில் பழைய மெசின் கடையில் இருப்பதில்லை, வீட்டில் இருக்கிறது. தொண்ணூறுகளின் இடப்பெயர்வும் அதன் பின்னான வெளிநாட்டுப் பயணங்களும் பல வீடுகளை மூடிவிட்டன. திறந்திருக்கிற வீடுகளிலும் மெசின் ஒரு மூலையில் துணி போர்த்திக்கொண்டு, மேலே சுவாமிப் படமோ தொலைக்காட்சிப் பெட்டியோ தாங்கி நிற்கும். விற்பீர்களா என்று எடுத்த எடுப்பில் கேட்டால் அநேகமாக இல்லை என்ற பதில்தான் வரும், ஏனென்றால் அது அம்மாவின் மெசின். அம்மா அதில் தைத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பித்திருப்பார். பேச்சை வேறு பக்கத்தால் தொடங்க வேண்டும்.

“அன்ரி, உந்த மெசினிலை இப்ப ஆரும் தைக்கிறவையோ?”

“ஆர் பிள்ளை தைக்கிறது? மகள் கனடாவுக்குப் போன பிறகு மூடினதுதான்.”

“ஒருக்கா சுத்திப் பாக்கட்டே?”

சுற்றிப் பார்க்க விட்டார் என்றால் பாதிக் கதவு திறந்துவிட்டது. மெசின் திரும்பவும் தைக்கப் போகிறது என்று தெரிந்தால் பலர் மலிவாகவே கொடுப்பார்கள். வெளிநாட்டிலுள்ள மகளிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றால் பொறுத்திருங்கள். பின்னால் வரும் மனத்தாங்கலை விட ஒரு கிழமை காத்திருப்பது மேல்.

அடுத்த இடம் பழைய இரும்பு வாங்க வருகிறவர்கள். அவர்கள் நிறைக்கு வாங்குவார்கள். வார்ப்பிரும்புக் காலையும் சக்கரத்தையும் ஹெட்டிலிருந்து பிரித்து உடைத்துவிடும் முன் சொல்லிவைத்தால், இரும்பு விலைக்குச் சற்று மேலே கொடுத்து முழு மெசினை எடுத்துவிடலாம். இதற்கு எதிர்ப்பக்கத்தில் அலங்கார வியாபாரிகள். மிதிமெசின் காலின் மேல் கண்ணாடிப் பலகை போட்டு உணவகங்களுக்கும் விடுதிகளுக்கும் மேசையாக விற்பவர்கள். அவர்கள் கேட்கும் விலையைத் தையற்காரர் கொடுக்கத் தேவையில்லை. மூன்றாவது வகை வதந்தி வியாபாரம். 2009 இல் சவூதி அரேபியாவில், பழைய சிங்கர் மெசினின் ஊசிக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது என்று ஒரு கதை பரவி, ஒன்றுக்கும் உதவாத மெசின்களுக்கு வானத்து விலை கொடுத்து ஏமாந்தார்கள். அப்படி ஒன்றும் எந்த மெசினிலும் இல்லை. பாதரசத்தைச் சோதிக்கிறேன் என்று கைத்தொலைபேசியை ஊசிக்குக் கிட்டப் பிடித்துப் பார்க்கிற விற்பனையாளரைக் கண்டால் திரும்பி நடக்கலாம்.

எதை வாங்குவது

எங்கள் பக்கத்தில் மெசின் என்றாலே சிங்கர்தான். 1877 இலேயே கொழும்பில் கடை திறந்த கொம்பனி. அமெரிக்காவில் 1850களிலேயே தவணைக்குக் கொடுத்து விற்கும் முறையைத் தொடங்கியது. மாதம் மாதம் கட்டி எடுக்கலாம் என்றபடியால்தான் சாதாரண வீடுகளுக்குள்ளும் மெசின் வந்தது. இங்கு கிடைக்கும் பழைய சிங்கர்களில் பல ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் செய்தவை. அந்த ஆலை 1980 இல் மூடப்பட்டது. மெசினின் வலப்பக்கத் தூணுக்குக் கீழே, பலகையோடு ஒட்டிய இரும்பில் இலக்கம் குத்தியிருக்கும். எஃப், ஜே, வை என்ற எழுத்துகளில் ஒன்றோடு இலக்கம் தொடங்கினால் 1900க்குப் பிந்திய கிளைட்பேங்க் மெசின். ஈ என்று தொடங்கும் இரட்டை எழுத்தென்றால் 1930களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது. இலக்கமே இல்லாமல் தேய்ந்திருந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை, தையலுக்கு ஆண்டு தெரிய வேண்டியதில்லை.

தெரிய வேண்டியது பொபின். மெசினின் இடப்பக்கத்தில் கீழே வழுகித் திறக்கும் தகட்டை இழுத்துப் பாருங்கள். வட்டமான பொபினும் அதை மூடும் இரும்புக் கேசும் இடப்பக்கத்திலிருந்து நுழைகின்றன என்றால் அது 15ஆம் வகுப்பு. சிங்கர் 15ஐப் பார்த்துத்தான் இந்தியாவின் உஷா, சீனாவின் பட்டர்பிளை, ஜப்பானின் எத்தனையோ பெயர்கள் மிதிமெசின் செய்தன. எனவே அதன் பொபின், கேஸ், ஷட்டில், பாதம் எல்லாம் இன்றும் புதிதாகவே செய்து விற்கப்படுகின்றன. தீவில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

தகட்டை இழுத்ததும் உள்ளே நீளமான ஷட்டில் முன்னும் பின்னும் ஆடுகிறது, அதற்குள் இரு முனையும் தட்டையான மெல்லிய நீளப் பொபின் கிடக்கிறது என்றால் அது இன்னும் பழைய வகை, சிங்கர் 127, 128 போன்றவை. பூவேலைத் தங்க நிறம் மின்னும், ஓட்டமும் பட்டாயிருக்கும். ஆனால் ஷட்டில் தொலைந்திருந்தால் வாங்க வேண்டாம். ஷட்டிலும் சில பொபின்களும் சேர்ந்து இருந்தால் மட்டும், ஆசைக்கு, இரண்டாவது மெசினாக எடுக்கலாம். பொபினை மேலிருந்து போடும் 66ஆம், 99ஆம் வகுப்புகள் நல்லவைதான், ஆனாலும் பொபினைக் கடையில் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: ஒரு புது ஊசி, சிவப்பு நூல், வெள்ளை நூல், மடித்துத் தைக்க ஒரு வொயில் துண்டும் தடித்த பருத்தித் துண்டும், ரோச் லைட், பழைய துணி, கொஞ்சம் மெசின் எண்ணெய். ஊசிப் பைக்கற்றில் எச்.ஏ.×1 அல்லது 15×1 என்று இருக்க வேண்டும். இது ஒரு பக்கம் தட்டையான தலை உள்ள வீட்டு ஊசி. டி.பி.×1 என்றிருந்தால் அது ஆடைத் தொழிற்சாலை மெசினின் உருண்டைத் தலை ஊசி, உங்களுக்கு உதவாது.

சுற்றிப் பார்த்தல்

பெரிய சக்கரத்தைத் தொடாமல், ஹெட்டின் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். மூன்று விதமாக நடக்கும். தடையில்லாமல் ஓடினால் மகிழ்ச்சி. சக்கரம் சுற்றுகிறது, ஊசி மட்டும் அசையவில்லை என்றால், சக்கரத்தின் நடுவிலிருக்கும் பெரிய திருகு தளர்ந்திருக்கிறது. பொபினில் நூல் சுற்றும்போது தளர்த்திவிட்டு மறந்தது. இறுக்கினால் வேலை முடிந்தது. விற்பவர் மெசின் செத்துவிட்டது என்று நினைத்திருந்தால் அதைச் சொல்லிவிட்டு விலை பேசுவதா, சொல்லாமல் பேசுவதா என்பது உங்கள் மனச்சாட்சியைப் பொறுத்தது; அவரை நாளைக்கும் கோயிலில் காண்பீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

மூன்றாவது, சக்கரம் அசையவே மாட்டேன் என்பது. இங்கே விரலுக்குக் காது வேண்டும். தள்ளும்போது கொஞ்சம் இழுபட்டுத் திரும்பி வருகிறதா? உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கிறது. மெசின் எண்ணெய் கையில் இல்லாதபோது தேங்காய் எண்ணெய் விடுவது எங்கள் வீடுகளில் வழக்கம். அது 24 பாகைக்குக் கீழே உறையும், நாட்பட்டால் சிக்குப் பிடித்து இரும்பை இரும்போடு ஒட்டிவிடும். இதைக் கழுவி எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் டக்கென்று இடிக்கிறது என்றால் முதலில் ஷட்டிலைக் கழற்றிப் பாருங்கள். அநேகமாக நூல் முடிச்சு ஒன்று உள்ளே சுருண்டு கிடக்கும். அதை எடுத்த பிறகும் இடிக்கிறதென்றால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது, விட்டுவிடலாம்.

கறள் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கைச்சக்கரம், ஊசிக்குக் கீழுள்ள தகடு, ஸ்டாண்டின் கால்கள் ஆகியவற்றில் கறள் இருந்தால் தேய்த்துப் போக்கலாம். உப்புக்காற்றுத் தீவில் அது இல்லாத மெசினைத் தேடினால் கிடைக்காது. ஷட்டிலின் கூர்முனையில் கறள் குழி விழுந்திருந்தால் நூல் ஓயாமல் அறும், ஆகவே புது ஷட்டிலின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். துணியைத் தள்ளும் பற்களை விரலால் தடவுங்கள். கூர் இருந்தால் நன்று, வழவழவென்று தேய்ந்திருந்தால் துணி நகராது. ரோச்சை அடித்து அடிப்பலகை இரும்பிலும் தூணிலும் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். வெடித்த வார்ப்பிரும்பை ஒட்டிப் பயனில்லை. மரப்பலகையைக் கறையான் தின்றிருந்தால் பரவாயில்லை, ஊர்த் தச்சரிடம் வேப்பம் பலகையில் புதிதாகச் செய்துகொள்ளலாம்.

பொபின் கேசைச் சோதிக்க ஒரு வழி. நூல் சுற்றிய பொபினைக் கேசுக்குள் போட்டு, நூல் முனையைப் பிடித்துக் கேசைத் தொங்கவிடுங்கள். அப்படியே நிற்க வேண்டும். மணிக்கட்டைச் சிறிது உதறினால் ஒரு அங்குலமோ இரண்டோ இறங்கி மீண்டும் நிற்க வேண்டும். ஓடி நிலத்தில் விழுந்தால் கேசின் சிறு திருகைக் கால் சுற்று இறுக்குங்கள், உதறியும் இறங்காவிட்டால் தளர்த்துங்கள். திருகைத் திருப்பியும் மாற்றம் இல்லையென்றால் தகட்டுவில் தேய்ந்துவிட்டது. கேஸ் மாற்றுவது பெரிய செலவில்லை.

பிறகு மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை. ஊசியின் நீளப் பள்ளம் நூல் நுழைகிற பக்கம் பார்க்க, தட்டைப் பக்கம் அதற்கு எதிரே இருக்க வேண்டும். இதை மாற்றிப் பூட்டிவிட்டு மெசின் தைக்காது என்று விற்றவர்களும் உண்டு. வொயிலில் ஒரு சாண் தையுங்கள். அடியில் சிவப்புச் சுருள்கள் தெரிந்தால் மேல் நூல் தளர்வு, அல்லது இறுக்கத் தட்டுகளுக்கு நடுவில் நூல் போகவில்லை. இவை திருத்தக்கூடியவை. தையல் இடையிடையே தாவினால் முதலில் ஊசியை மாற்றுங்கள், பிறகுதான் மெசினைக் குற்றம் சொல்ல வேண்டும்.

விலைக்கு எங்கள் கணக்கு இது: கேட்கிற விலையோடு பெல்ட், ஊசி, கேஸ், திருத்துகூலி, வள்ளக்கூலி எல்லாம் கூட்டுங்கள். கூட்டுத்தொகை புது மிதிமெசினின் பாதி விலையைத் தாண்டினால் வேண்டாம்.

கடல் தாண்டிக் கொண்டுவருதல்

குடாநாட்டில் வாங்கியிருந்தால் ஹெட்டையும் ஸ்டாண்டையும் பிரித்தே வள்ளத்தில் ஏற்ற வேண்டும். தோல் பெல்ட்டைக் கழற்றி, ஹெட்டைப் பின்பக்கமாகச் சாய்த்தால் இரண்டு பிணைச்சல்களும் அவற்றைப் பிடிக்கும் இரண்டு திருகுகளும் தெரியும். தளர்த்தித் தூக்குங்கள். ஹெட் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், தனியாளாகத் தூக்கி வள்ளத்தில் கால் வைக்க வேண்டாம். எண்ணெய் தொட்ட துணியால் முழுவதும் துடைத்து, பழைய சேலையில் சுற்றி, அதன் மேல் பொலித்தீன் கட்டி, வள்ளத்தின் நடுவில் வையுங்கள். சோளகக் காலத்தில் அலைத்துளி எப்படியும் உள்ளே விழும். கரை வந்ததும் பொலித்தீனை அவிழ்த்துவிட வேண்டும். தண்ணீர் பட்டிருந்தால் நல்ல தண்ணீர் தொட்ட துணியால் உப்பைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, உடனே எண்ணெய் விடுங்கள். சவர்க் கிணற்றுத் தண்ணீர் இதற்கு ஆகாது.

கழுவுவதற்கு மண்ணெண்ணெய். அடுப்பும் விளக்கும் இல்லாத முற்றத்தில், பேப்பர் விரித்து, எண்ணெய்த் துவாரம் ஒவ்வொன்றிலும் சில துளி விட்டு, சக்கரத்தை அசைத்து அசைத்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் கறுப்பாகக் கசியும். துடைத்து, திரும்ப விட்டு, வெளிவருவது தெளியும் வரை செய்யுங்கள். அதன் பின் கட்டாயம் மெசின் எண்ணெய், ஏனென்றால் மண்ணெண்ணெய் வழுக்காது, உலர்ந்துவிடும். பூவேலையில் ஸ்பிரிட் படக் கூடாது. அதன் மேல் பூசியிருப்பது அரக்கு வார்னிஷ், ஸ்பிரிட் அதைக் கரைத்துத் தங்கப் பூவையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

மூலை பிடித்தல்

மெசினைத் தீவு வீட்டில் எங்கே வைப்பது? எல்லோரும் விறாந்தை என்பார்கள். வெளிச்சம் உண்டு, வீதியால் போகிறவர்களோடு கதைக்கலாம், தைக்கக் கொடுக்க வருகிறவர்களும் படியேறி உள்ளே வரத் தேவையில்லை. ஆனால் விறாந்தையில் உப்புக்காற்று நேரே அடிக்கும், கோழி ஏறும். பகலில் தைக்க விறாந்தை, இரவில் உள்ளே தள்ளிவிடலாம் என்பவர்கள் முதல் கிழமைக்குப் பிறகு தள்ளுவதில்லை. ஆகவே உள்ளறை யன்னலோரமே நல்லது.

எந்த யன்னல் என்பதைக் காற்றைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம் மணலையும் உப்பையும் சேர்த்து அடிக்கும். ஐப்பசி தொடங்கித் தை வரை வடகிழக்கிலிருந்து வாடை, அதோடு மழை. தெற்கு, மேற்கு யன்னல்கள் வேண்டவே வேண்டாம். வடக்கு யன்னல் வெளிச்சம் நாள் முழுக்க ஒரே அளவில், கண் கூசாமல் வரும். கூரைத் தாழ்வாரம் நன்றாக இறங்கியிருந்தால் மழைச் சாரலும் அதிகம் வராது. ஊசி உங்கள் இடக்கைப் பக்கம் இருப்பதால் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழும்படி மெசினைத் திருப்புங்கள். வலப்பக்க வெளிச்சத்தில் தூணின் நிழல் ஊசியில் விழும். மாலைக்கு, ஊசிக்கு மேல் ஒரு சிறிய எல்.ஈ.டி. மின்குமிழ் போதும்.

நாலு காலுக்கும் அடியில் பழைய றப்பர் செருப்பை வெட்டி வைத்தால் மிதிக்கும்போது மெசின் நகராது. கதிரை மரக்கதிரையாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கதிரை சீமெந்து நிலத்தில் ஒவ்வொரு மிதிக்கும் பின்னால் வழுகும். துணி வெட்டச் சாப்பாட்டு மேசை உயரம் போதாது, நாரி பிடிக்கும். மேசைக் கால்களுக்குக் கல் வைத்து உங்கள் இடுப்பு அளவுக்கு உயர்த்துங்கள். கரிப்பெட்டியால் அழுத்துகிறவர்கள் அதை வெட்டும் மேசைக்கு அருகே வைக்காமல் குசினிப் பக்கம் வைத்திருங்கள். சிரட்டைக்கரிப் பொறி ஒன்று பறந்தால் வெள்ளைச் சட்டை போச்சு.

மூடுவதற்குப் பருத்திச் சேலை. பொலித்தீன் போர்த்தினால் உள்ளே வியர்த்து, கறளை நீங்களே வளர்ப்பதாகிவிடும். மரப்பெட்டி மூடி கிடைத்திருந்தால் அதைவிட நல்லது இல்லை.

சில்லறைப் பொருட்களுக்குத் தீவில் கிடைப்பவையே போதும். வெட்டுத்துண்டுகளுக்குப் பனையோலைக் கடகம், காற்றோட்டம் உண்டு, பூஞ்சணம் பிடிக்காது. முடிக்காத தையலுக்கு ஆளுக்கொரு மூடல்பெட்டி, மேலே பெயரெழுதிய துண்டு. தெறிகளுக்கு மலிபன் பிஸ்கற் ரின். மெசின் லாச்சியில் பாதங்கள், பொபின்கள், சிறு திருப்புளி மட்டும். லாச்சியில் எல்லாவற்றையும் திணித்தால் அவசரத்துக்கு எதுவும் கிடைக்காது. ஊசிகளை எண்ணெய் தொட்ட கம்பளித் துண்டில் குத்தி மூடியுள்ள சிறு போத்தலில் வையுங்கள். 11 மெல்லிய துணிக்கு, 14 பருத்திக்கு, 16 தடித்த துணிக்கு. துணிக் கத்தரிக்கோலைப் பிள்ளைகள் கடதாசி வெட்ட எடுக்காதபடி உயரத்தில் ஆணியில் கொழுவுங்கள். அம்மம்மாவின் லாச்சியில் கிடைத்த பழைய நூற்கட்டைகள் பார்க்க அழகு. ஒரு முழம் இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறுந்தால் கையால் கட்டும் வேலைக்குக் கூட ஆகாது.

ஊருக்குத் தைக்கப் போகிறீர்கள் என்றால் அளவுக் கொப்பி ஒன்று மெசினோடு கட்டியே இருக்கட்டும். பெயர், திகதி, அளவு, வாங்கிய முற்பணம். பள்ளி தொடங்கும் காலமும் கோயில் திருவிழாவும் ஒன்றாக வந்து நெருக்கும்போது இந்தக் கொப்பிதான் சண்டையைத் தவிர்க்கும்.

எண்ணெய்க்கு ஓர் ஒழுங்கு: நாளும் தைத்தால் கிழமைக்கு ஒருமுறை, துவாரத்துக்கு ஒரு துளி. தைக்காமல் கிடந்தாலும் சோளகம் தொடங்கும்போதும் வாடை தொடங்கும்போதும் ஒவ்வொரு தடவை எண்ணெய் விட்டு, பழைய துணி ஒன்றில் சில வரி தைத்து மிச்ச எண்ணெயை எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, 15ஆம் வகுப்பு ஹெட் ஒன்று ஓடாத நிலையில் இரும்பு விலைக்குக் கிடைத்தால் அதையும் வாங்கி வையுங்கள். பொபின் கேஸ், ஷட்டில், நூல் இறுக்கத் தட்டுகளும் சுருள்வில்லும், அழுத்தும் பாதம், ஊசித் திருகு, கைச்சக்கரத்து நடுத்திருகு ஆகியவற்றைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் பூசி, பெயரெழுதிய சிறு பைகளில் இட்டு அலுமாரியில் வையுங்கள். பற்களையும் அவற்றைப் பிடிக்கும் திருகுகளையும் மறக்காதீர்கள். அந்தத் திருகுகள் தனியாகக் கடையில் கிடைப்பது அரிது. மிச்ச இரும்பைப் பழைய இரும்புக்காரரிடமே திரும்பக் கொடுத்துவிடலாம்.